சட்டைக் கையில் துரு

"அப்பா, பென்சில் சீவிக் குடுங்கப்பா" என்று பாப்பா கேட்டாள். அதற்கு அவள் அப்பா சொன்ன பதிலில்தான் அந்த வீட்டுக்குள் பயம் நுழைந்தது.

"உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்."

ஏதோ புது விளையாட்டென்று நினைத்துப் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள். அவர் சிரிக்கவில்லை. எதிர்ச்சுவரில் எதையோ படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை. மழை ஈரம் இறங்கிய பழைய கறை மட்டும்தான்.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஒல்லி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். ஒல்லி என்பது அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் வைத்த பெயர். சேர்ந்தபோது ஒல்லியாக இருந்தாள். இப்போது இல்லை. பெயர் மட்டும் இளைத்தபடியே நின்றுவிட்டது.

"என்னங்க, பிள்ளை பென்சில் கேக்குது."

"ஆங்?" தட்டி எழுப்பியதுபோல முழித்தார். "எங்க, குடு."

சீவினார். சீவிக்கொண்டே இருந்தார். பாதிப் பென்சில் சுருள் சுருளாக மடியில் விழுந்த பிறகு, பாப்பாவே மெதுவாக அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

அவருக்குத் தண்ணீர்க் கம்பெனியில் வேலை. குழாய் உடைந்தாலும், தண்ணீர் கலங்கலாக வந்தாலும் ஊர் முழுக்க ஃபோன் போடுகிற அறையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர். குழாயை உடைத்தவர் அவர் இல்லை. ஒட்டப் போகிறவரும் அவர் இல்லை. நடுவில் உட்கார்ந்து திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் சம்பளம். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் யார் எப்படித் திட்டினார்கள் என்று நடித்துக் காட்டுவார். ஒரு அம்மாள் திறந்த குழாய்க்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதா? வெறும் காத்து! நீயே குடிச்சுக்கோ" என்று சொன்னதை அவர் நடித்துக் காட்டி, மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அந்தக் கதையெல்லாம் எப்போது நின்றது என்று ஒல்லிக்குத் தெரியாது. நின்றுவிட்டது என்று அவள் உணர்ந்தபோது வெகுநாள் ஆகியிருந்தது.

டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல. ஆள்தான் உள்ள கருகிப் போயிருக்கார். ஒரு மாசம் அந்த ஹெட்போனைக் காதுல மாட்டக் கூடாது, அதான் மருந்து" என்று எழுதிக் கொடுத்தாள். அதை வைத்து லீவு கேட்டார்.

லீவு வரவில்லை. கைப்பட்டை வந்தது.

பச்சை நிற ரப்பர்ப் பட்டை. கையில் கட்டிக்கொண்டு நடந்தால், செல்போனுக்குள் ஒரு ஆமை நடக்கும். அந்த அறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஆமை. ஆமை முதுகில் அவரவர் பெயர். எல்லா ஆமைகளும் மணலில் வரிசையாகக் கடலைப் பார்த்து நகர வேண்டும். நன்றாக நடந்தால் ஆமைக்குத் தொப்பி கிடைக்கும், மேளம் அடிக்கும். நடக்காவிட்டால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கிவிடும். கடைசியில் இருக்கும் ஆமைக்குக் கண்ணில் கண்ணீர் வேறு சொட்டும். எல்லோரும் பார்க்கலாம்.

"வேலையால வர்ற களைப்பெல்லாம் இதுல போயிடுமாம்" என்றார் அவர், யாருக்கோ செய்தி சொல்வதுபோல.

"அப்போ லீவு?"

"பரிசீலனையில இருக்கு."

வந்த அன்றே அவருடைய ஆமை அழத் தொடங்கியது. பாப்பாவும் சேர்ந்து அழப் பார்த்தாள்.

சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் வேலை. இஸ்திரி உருளையில் சூடாக வெளியே வரும் விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி பின்னால் போய் மடிக்க வேண்டும். ஒல்லிக்கு ஜோடி குட்டையக்கா. இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் தள்ளி நிற்கும்போது ஒன்றும் கேட்காது. விரிப்பின் மூலைகள் சேருகிற இடத்தில்தான் பேச முடியும். அவர்கள் பேச்செல்லாம் அப்படித் துண்டு துண்டாகத்தான் ஓடும்.

"உன் வீட்டுக்காரர் கம்பெனியில டீ நேரத்தைப் பாதியாக் குறைச்சாங்களே, அவங்கதானே இந்தப் பட்டையைக் குடுத்தது?" என்றாள் குட்டையக்கா, மூலையைக் கொடுத்துவிட்டு.

"அவங்களேதான்."

பின்னால் போனார்கள், வந்தார்கள்.

"அவங்க சும்மா பட்டை குடுப்பாங்களாடி? மாட்டுக்கு மணி கட்டறது மாடு அழகா இருக்கட்டும்னா?"

"அப்புறம் எதுக்குங்கறீங்க?"

விரிப்பு மடிந்தது. அடுத்தது வந்தது. பதிலுக்காக ஒல்லி ஒரு நடை காத்திருக்க வேண்டியிருந்தது.

"யாருக்குத் தெம்பு இல்லைன்னு பாக்கறதுக்குடி. கடைசி ஆமையை மொதல்ல வீட்டுக்கு அனுப்புவான். பாத்துக்கிட்டே இரு."

வேலை போய்விட்டால் லீவாவது, ஒன்றாவது. இவரோ மறுநாள் காலையிலேயே பட்டையை மறந்து வைத்துவிட்டுப் போனார். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. அதற்கு மறுநாளும் அங்கேயே கிடந்தது. களைப்பில் மறந்துவிடுகிறார் பாவம் என்று நினைத்தாள். கதவைப் பூட்டப் போனவள் திரும்பி வந்து, பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டி, மேலே ரவிக்கையின் முழுக்கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நாள் முழுக்க முன்னும் பின்னும் நடக்கிற வேலை. கை ஆட, கால் ஆட, விரிப்பு மேல் விரிப்பு. சாயந்திரம் பட்டையைத் திரும்ப டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அவர் வந்து, டீ குடித்து, பட்டையைக் கட்டிக்கொண்டு, "ஒரு நடை போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். திரும்பி வந்து செல்போனைப் பார்த்தபோது அவருடைய ஆமை முன்னால் போன பலரைத் தாண்டியிருந்தது. கண்ணீர் நின்று தலையில் தொப்பி ஏறியிருந்தது.

பாப்பா குதித்தாள். அவர் மட்டும் செல்போனை நெடுநேரம் முறைத்துப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பகலில் பட்டை அவள் கையில். சாயந்திரம் அவர் கையில். ஆமை ஓடியது. அவர் ஒரு நாளாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது.

பிறகு ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைகளைப் பிரிக்கும்போது கை நின்றது. துணி விஷயத்தில் அவளுக்குக் கண்ணும் மூக்கும் தானாக வேலை செய்யும். தினமும் நடந்துவிட்டு வருகிற மனுஷனின் சட்டை. கழுத்துப்பட்டியில் வேர்வைக் கோடு இல்லை. அக்குளில் ஈரம் காய்ந்த தடம் இல்லை. முகர்ந்து பார்த்தாள். ஆபீஸ் வாடை மட்டும் அடித்தது. வலது கை மடிப்பில் மட்டும் ஒரு கறை. பழுப்பாக, விரல் அகலத்துக்கு. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. துரு.

அடுத்த சட்டையிலும் அதே இடத்தில் துரு. அதற்கு முந்தின சட்டையிலும்.

"நடக்கவே இல்லக்கா அவரு" என்றாள் மறுநாள், மூலைகள் சேர்ந்தபோது. "எங்கியோ போய் உக்காந்துட்டு வராரு."

"துருன்னா?" குட்டையக்காவின் கண் விரிந்தது. "கேட்டுதான்டி. பழைய இரும்புக் கேட்டு. தெனமும் யார் வீட்டுக் கேட்டையோ தள்ளிக்கிட்டு உள்ள போறாரு."

பின்னால் போனார்கள். திரும்பி வந்தபோது குட்டையக்கா அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்குப் பெயின்டு அடிக்கக்கூட வக்கில்லாதவ. அவளுக்கா போய் ஒரு ஆளு மயங்குவான்? விடுடி!"

"சிரிக்காதீங்கக்கா."

"சரி, சிரிக்கல. போய்ப் பாரு. பாக்காம வயித்தெரிச்சல் படாத."

அன்று வேலை முடிந்து வரும் வழியில் ஒவ்வொரு வீட்டுக் கேட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்த்தால் தெருவே துருப்பிடித்துத்தான் இருந்தது. தையல்காரர் வீட்டுக் கேட், வாத்தியார் வீட்டுக் கேட், மூடிக்கிடந்த பேக்கரியின் கேட். ஒரு வீட்டுக் கேட்டைத் தொட்டுத் தன் விரலைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒருத்தி தலையை நீட்டி, "யாரு வேணும்?" என்றாள். வயது முதிர்ந்தவள், கையில் விளக்குமாறு. "ஒண்ணுமில்லங்க" என்று ஒல்லி வேகமாக நடந்தாள். முதுகெல்லாம் கூசியது.

சாயந்திரம் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டுப் பட்டையைக் கட்டினார்.

"மழையில எங்க போறீங்க?"

"தூறல்தானே. ஆமை தூங்கிடும்."

"ஆமை மேல அவ்வளவு அக்கறை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். செருப்பை மாட்டினார். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒல்லி பின்னாலேயே போனாள்.

அவர் நடை நடையாகவே இல்லை. ஒவ்வொரு காலையும் கடன் வாங்கி வைப்பதுபோல வைத்தார். வீட்டுத் தெரு முடிந்தது. மருந்துக்கடை முனையில் திரும்பினார். எந்தக் கேட்டையும் தொடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த சின்னப் பூங்காவுக்குள் போனார். அதற்குக் கேட்டே இல்லை. மழைக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. சறுக்குப்பலகை நனைந்து கிடந்தது. ஊஞ்சல் சங்கிலிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

அவர் கையிலிருந்த பட்டையைக் கழற்றினார். ஊஞ்சல் சங்கிலியில் கட்டினார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையை நீட்டிச் சங்கிலியைப் பிடித்து, ஊஞ்சலைத் தள்ளினார். ஆள் இல்லாத ஊஞ்சல் போனது, வந்தது. கிரீச், கிரீச். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிரிப்பும் அழுகையும் ஒல்லிக்கு ஒரே நேரத்தில் வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் திடுக்கிடவில்லை. கண்ணைத் திறந்து, "நீயா?" என்றார். கை தள்ளுவதை நிறுத்தவில்லை.

"நான்தான். வேற யாரையாவது எதிர்பார்த்தீங்களா?"

"இங்க யாரு வருவா?"

"அதான் நானும் தேடினேன். கேட்டு கேட்டாத் தேடினேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் சட்டைக் கையைப் பிடித்துத் துருவைக் காட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் அவருக்குப் புரிந்தது. காது சிவந்தது.

"அடிப்பாவி. எனக்கு ஒரு ஆள்கிட்டப் பேசவே தெம்பில்ல. இதுல இன்னொருத்தி வேறயா?"

"நடக்கலாமில்ல? நடந்தா நல்லதுன்னுதானே குடுத்தாங்க."

"நடந்து பாத்தேன். மொத நாள் நடந்தேன். நடக்கும்போதும் அந்த அறைக்கே நடக்கிற மாதிரி இருக்கு. யாரோ பின்னாலேருந்து எண்ணிக்கிட்டே வர்றாங்க. ஆபீஸ்ல கட்டிக்கிட்டா, ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்னு விர்ருனு கையில குத்துது. எழுந்தா ஃபோன் அடிக்குது. காதுல திட்டு, கையில குத்து. அதான் வீட்டுலயே போட்டுட்டுப் போறேன்."

மறந்து வைத்தது இல்லையா! ஒல்லி ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இங்கதான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார் அவர். "இந்தச் சத்தம் இருக்கே, கிரீச் கிரீச்னு, இது என்னை ஒண்ணுமே கேக்காது."

தூறல் கொஞ்சம் வலுத்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"லீவு இல்லைன்னுட்டாங்க" என்றார்.

"எப்போ?"

"இன்னிக்கு. எங்க மேனேஜர் மேடம் கூப்பிட்டாங்க. ஆமையைக் காட்டினாங்க. இந்தக் கட்டடத்துலயே நீங்கதான் மொதல்ல போறீங்க, இவ்வளவு தெம்பா இருக்கறவருக்கு எதுக்கு லீவுன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்வேன்? ஊஞ்சலை ஆட்டினேன்னு சொல்லவா?" குரல் தாழ்ந்தது. "ஆனா அது இல்ல விஷயம். ஒரு வாரமா எனக்கு இதே யோசனை. நான் இந்த ஊஞ்சலை ஆட்டறது எம்மாத்திரம்? நாலு எட்டுக்குக் காணாது. ஆமை எப்படி மொதல்ல போச்சு? அவங்களேதான் ஓட்டறாங்க. லீவு குடுக்கக் கூடாதுன்னு உள்ள உக்காந்து எவனோ என் ஆமையைத் தள்ளி விடறான். யாருகிட்டச் சொல்றது? சொன்னா எனக்கு முத்திப்போச்சுன்னுதான் சொல்வாங்க. உன்கிட்டக்கூடச் சொல்லல."

ராத்திரி இவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்ததெல்லாம் இதைத்தானா யோசித்துக்கொண்டு! எவனோ தள்ளிவிடுகிறான் என்று!

"எவனும் இல்ல" என்றாள்.

"உனக்குத் தெரியாது. அவங்க..."

"எவனும் இல்லைங்க. நான்தான்."

ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே பட்டை இறுக்கிய தடம், வெளிர் வளையமாக.

"கடைசி ஆமையை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு குட்டையக்கா சொன்னாங்க. நீங்க மறந்துட்டுப் போறீங்கன்னு நினைச்சேன். தினமும் கட்டிக்கிட்டுத்தான் விரிப்பு மடிச்சேன்."

அவர் அந்தத் தடத்தையே பார்த்தார். கை நின்றது. ஊஞ்சல் தானாக இரண்டு தரம் ஆடி அடங்கியது.

"நீ ஓட்டினியா?"

"ஓட்டினேன். என் வாயில மண்ணைப் போட. உங்க லீவை நானே கெடுத்துட்டேன்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தாள். அழவில்லை. வெகுநாளாகப் பூட்டிக்கிடந்த கதவு திறப்பதுபோல, கரகரவென்று ஒரு சிரிப்பு.

"சும்மா சொல்லக் கூடாது. உனக்குத் தொப்பி எல்லாம் குடுத்தான்டி."

மறுநாள் காலை சலவைக்கூடத்துக்குப் போகிற வழியில், வேலைச் சேலையோடே, அவர் கூடவே தண்ணீர்க் கம்பெனிக்குள் போனாள். "வேண்டாம், வேலைக்கு உலை வச்சிடாத" என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மேடத்தின் அறைக்குள் போனதும் வாயை மூடிக்கொண்டார்.

மேடம் சின்ன வயதுக்காரி. சிரித்த முகம். சிரிப்புக்கு மேலே கண்ணைச் சுற்றிக் கருவளையம். மேசையில் குடிக்காத காப்பி ஆடை கட்டியிருந்தது.

"உக்காருங்கம்மா. என்ன விஷயம்?"

ஒல்லி உட்காரவில்லை. பட்டையை மேசைமேல் வைத்தாள். "இந்த ஆமை என்னுது மேடம். நான் நடந்தது. இவரு நடக்கல. இவரால முடியல. பிள்ளை பென்சில் கேட்டா, இணைப்பில் காத்திருங்கன்னு சொல்றாரு. டாக்டரம்மா எழுதிக் குடுத்ததைப் பாருங்க. ஆமையைப் பாக்காதீங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் பயந்தாள். மேடம் கோபப்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஏன் கோபப்படவில்லை? அறையில் ஏ.சி. குளிர் நடுக்கியது. அப்படியும் மேடத்தின் பின்னால் மேசை விசிறி ஒன்று இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் எவளாவது விசிறி போடுவாளா? ஒல்லி உற்றுப் பார்த்தாள். விசிறியின் கம்பிக்கூண்டில் ஒரு பச்சைப் பட்டை கட்டியிருந்தது. விசிறியோடு அதுவும் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது.

ஒல்லி பார்ப்பதை மேடம் பார்த்தாள். விசிறி மட்டும் இரைந்தது.

மேடம் டாக்டரின் தாளை இழுத்து, முதல்முறையாகப் படிப்பதுபோலப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு மாசம் எடுத்துக்கோங்க" என்றாள் அவரிடம். "ஆனா லீவுலயும் பட்டையை விடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. ஓய்வுதான் எடுக்கறீங்களான்னு அவங்களுக்குத் தெரியணுமாம். ஆமை தூங்கணும். முழிச்சுக்கிட்டு ஓடினா கூப்பிட்டுக் கேப்பாங்க."

"தூங்கணும்" என்றாள் ஒல்லி.

"ஆமை தூங்கினாப் போதும்மா" என்றாள் மேடம், தாளைப் பார்த்தபடியே.

வெளியே வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "நல்லவங்களா, கெட்டவங்களா இவங்க?"

"தெரியல" என்றாள். "அவங்களும் களைச்சுப்போனவங்க."

லீவின் முதல் நாட்களில் அவர் தூங்கினார். பாப்பா பள்ளிக்கூடம் போவதும் வருவதும் தெரியாமல் தூங்கினார். ஆமையும் தூங்கியது. பிறகு ஒரு காலையில் ஒல்லி வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"உன்னை அங்க வரைக்கும் விட்டுட்டு வரேன்."

"நடந்தா?"

"பின்ன பறந்தா?"

"ஆமை முழிச்சுக்குமே!"

அவர் உள்ளே போய், பட்டையைக் கழற்றித் தலையணைமேல் வைத்து, போர்வையை இழுத்து அதற்குக் கழுத்துவரை போர்த்திவிட்டு வந்தார். இருவரும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.

சலவைக்கூடம் மேட்டில் இருந்தது. பாதி மேட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று, இடுப்பில் கை வைத்து, "ஹலோ, தண்ணிக் கம்பெனியா? எங்க வீட்டுக் குழாயில ஒரு மீன் வருது" என்று ஒரு குரலில் சொல்லி, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம், எந்த மீன் சார்?" என்று தன் குரலில் சொன்னார். ஒல்லி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். தூரத்தில் வாசலில் நின்ற குட்டையக்கா இவர்களைப் பார்த்துக் கண்ணுக்குமேல் கை வைத்தாள்.

சாயந்திரம் துவைக்கிற துணிகளைப் பிரித்தபோது அந்தச் சட்டை கையில் வந்தது. பழக்கத்தில் வலது கை மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். துரு இல்லை. ஒருமுறை பார்த்தது போதாதென்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். கழுத்துப்பட்டியில் வேர்வைக் கோடு. உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது. மூக்கோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அன்றைக்கு அதை ஊறப்போட மனம் வரவில்லை. ஆணியில் மாட்டினாள்.

படுக்கையறையிலிருந்து பாப்பா கூப்பிட்டாள். "அம்மா, ஆமை இன்னும் தூங்குதும்மா!"

ஒல்லி எட்டிப் பார்த்தாள். போர்வைக்குள் பட்டையின் பச்சைப் புள்ளி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து அதை முழுசாக மூடினாள்.

"சத்தம் போடாத" என்றாள் கிசுகிசுப்பாக. "முழிச்சுக்கப் போகுது."